தொலைபேசியும் குறும்புக்காரப் பையன்களும்

1876-ல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்ற கிரகாம் பெல், பேச்சை 'அஹாய்' என்று தொடங்கவே விரும்பினார். அது கப்பல்காரர்கள் கூவும் சொல். 1877-ல் எடிசன் சொன்ன 'ஹலோ'தான் நிலைத்தது.

அன்று நினைத்த எண்ணுக்கு நேராகப் பேச முடியாது. இணைப்பகத்தில் ஒருவர் கம்பியைச் செருகி இணைத்துத் தரவேண்டும். தந்தி அலுவலகங்களில் ஓடியாடிய பையன்களையே இதற்கும் வைத்தார்கள். கூலி குறைவு, சுறுசுறுப்பு அதிகம். ஆனால் முகம் தெரியாத இடத்தில் வரும் தைரியம் பொல்லாதது! பையன்கள் சந்தாதாரர்களைத் திட்டினார்கள், வேண்டுமென்றே தவறாக இணைத்து வேடிக்கை பார்த்தார்கள். (பாவம், அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? பெரியவர்களுக்கே அது புதுக்கருவி.) புகார்கள் குவியவே, 1878 செப்டம்பர் 1 அன்று பாஸ்டனில் எம்மா நட் என்ற பெண் வேலைக்கு வந்தார். இனிய குரல், நிறைந்த பொறுமை. 30 வருடங்களுக்கு மேல் அவர் அந்த வேலையில் இருந்தார். பையன்களுக்கோ மெல்ல மெல்ல வேலை போயிற்று.

பிள்ளைகளைப் பிற்பாடு பள்ளியிலேயே தேடிப் போனது அதே பெல் நிறுவனம். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்கப் பள்ளிகளுக்கு 'டெலிடிரெய்னர்' என்ற கருவியை இரவல் கொடுத்தது. ஒலிபெருக்கிப் பெட்டியும் இரண்டு தொலைபேசிகளும். ஒரு குழந்தை அழைக்கும், மற்றொன்று எடுக்கும், வகுப்பே கேட்கும். பெயர் சொல்வது, அம்மா இல்லாதபோது தகவல் குறித்து வைப்பது எல்லாம் ஒத்திகை.

இது வெறும் நாகரிகப் பாடமல்ல. அங்கே பல வீடுகளுக்கு ஒரே கம்பி இருந்த காலம் அது. ஒரு குழந்தை விளையாட்டாக ரிசீவரை எடுத்து வைத்துவிட்டால், பக்கத்து வீட்டில் தீப்பிடித்தாலும் யாரையும் கூப்பிட முடியாது.