மார்சிலிங் இடைத்தேர்தல் வழக்கு

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் வட்டாரத்தில் 2017இல் காலியான நாடாளுமன்ற இடத்துக்கு இடைத்தேர்தல் நடத்தியே ஆகவேண்டுமா என்று எழுந்த அரசமைப்பு வழக்கு இது. வேண்டியதில்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்தது.

உட்லண்ட்ஸின் மார்சிலிங் பகுதி, நால்வர் ஓர் அணியாகத் தேர்ந்தெடுக்கப்படும் மார்சிலிங்-இயூ டீ குழுத்தொகுதியைச் சேர்ந்தது. நால்வரில் ஒருவரும் நாடாளுமன்ற நாயகருமான ஹலிமா யாக்கோப், மலாய்ச் சமூகத்துக்கு ஒதுக்கப்பட்ட அதிபர் தேர்தலில் நிற்க 2017 ஆகஸ்டில் பதவி விலகினார். எஞ்சிய மூவரும் சீனர்கள். சிறுபான்மையினர் நாடாளுமன்றத்தில் இடம்பெறுவதை உறுதிசெய்யவென்று 1988இல் வந்ததுதான் குழுத்தொகுதி முறை. ஆகவே ஒரு நாற்காலி காலி என்பதோடு பேச்சு நிற்கவில்லை.

சிங்கப்பூர் ஜனநாயகக் கட்சியின் வோங் சூக் யீ வழக்குத் தொடுத்தார். மற்ற மூவரும் விலகி, நான்கு இடங்களுக்கும் தேர்தல் நடக்கவேண்டும் என்பது அவர் வாதம். சிக்கல் இரு சட்டங்களுக்கு இடையே இருந்தது. காலியிடம் இடைத்தேர்தலால் நிரப்பப்படும் என்கிறது அரசமைப்பின் 49(1) பிரிவு. நிரப்பப்படலாம் என்று அது சொல்லவில்லை. நாடாளுமன்றத் தேர்தல் சட்டத்தின் 24(2ஏ) பிரிவோ, குழுத்தொகுதியின் உறுப்பினர் எல்லாரும் விலகினால்தான் தேர்தல் ஆணை என்கிறது. ஓர் உறுப்பினரே கொண்ட ஹவ்காங் தனித்தொகுதி குறித்த 2013ஆம் ஆண்டுத் தீர்ப்பில், பிரதமர் நியாயமான காலத்துக்குள் இடைத்தேர்தலை அறிவிக்கவேண்டும் என்று இதே மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியிருந்ததால் எதிர்பார்ப்பும் கூடியிருந்தது.

உயர் நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. தலைமை நீதிபதி சுந்தரேஷ் மேனன் தலைமையிலான மேல்முறையீட்டு அமர்வு, தனித்தொகுதிகள் மட்டுமே இருந்த காலத்தில் எழுதப்பட்டது 49(1) என்பதைச் சுட்டியது. ஒருவர் விலகி முழு அணியையும் பணயக்கைதியாக்கும் நிலை வரக்கூடாது என்று 1988 நாடாளுமன்ற விவாதத்தில் அப்போதைய முதல் துணைப் பிரதமர் கோ சோக் டோங் விளக்கியிருந்தார். அந்த நோக்கத்துக்கு இசைய அரசமைப்பின் வாசகத்தையே நீதிமன்றம் திருத்திப் பொருள்கொண்டது.

சட்ட அறிஞர்களிடையே கருத்து வேறுபடுவது இங்கேதான். 1988இல் 49(1) பிரிவைத் திருத்தாமல் விட்டது நாடாளுமன்றம்; அந்த விடுபாட்டை நீதிபதிகள் நிரப்பலாமா? சொல்லைவிட நோக்கத்துக்கு எடை தந்த தீர்ப்பு இது எனலாம். ஆனால் நோக்கம் என்று பார்த்தால், சிறுபான்மைப் பிரதிநிதித்துவமும் அதே 1988இன் நோக்கம்தானே. வேட்புமனு நாளில் கட்டாயமான சிறுபான்மை உறுப்பினர், வென்றபின் விலகினால் அவர் இடத்தை நிரப்பும் கட்டாயம் இல்லை. நியமன உறுப்பினராக இருந்த சட்டப் பேராசிரியர் தியோ லி-ஆன், சிறுபான்மை உறுப்பினர் விலகினாலும் இடைத்தேர்தல் வேண்டும் என்று 2008லேயே தீர்மானம் கொண்டுவந்தார், அது நிறைவேறவில்லை.

மார்சிலிங் இடம் 2020 பொதுத்தேர்தல்வரை காலியாகவே இருந்தது. பிறகு உறுப்பினர் ஒருவர் விலகிய செங்காங் (2021), தர்மன் சண்முகரத்னம் விலகிய ஜூரோங் (2023), எஸ். ஈஸ்வரன் விலகிய வெஸ்ட் கோஸ்ட் (2024) ஆகிய குழுத்தொகுதிகளிலும் இடைத்தேர்தல் இல்லை. குழுத்தொகுதியில் இதுவரை நடந்த ஒரே இடைத்தேர்தல், 1992இல் கோ சோக் டோங் தம் அணியினர் மூவரோடு பதவி விலகி மீண்டும் நின்ற மரீன் பரேட் தேர்தல்.