பண்டிகைக் கால விருந்தும் உடல் எடையும்: கூடாமல் காப்பதே முதல் இலக்கு

நவராத்திரியில் தொடங்கும் வட இந்தியப் பண்டிகைக் காலம் தசரா, தீபாவளி, கோவர்தன் பூஜை, பாய் தூஜ், சத் பூஜை என ஐந்து வாரங்களுக்கும் மேல் நீள்கிறது. அது முடிந்த சில நாள்களிலேயே தேவ உத்தான ஏகாதசியையொட்டித் திருமணப் பருவமும் தொடங்கிவிடுகிறது. எடையைக் குறைக்கும் முயற்சியில் பல மாதங்கள் கட்டுப்பாடாக இருந்தவர்கள் அதைக் கைவிடுவது பெரும்பாலும் இந்த வாரங்களில்தான்.

ஒரு நாள் விருந்து யாருடைய எடையையும் பெரிதாக மாற்றிவிடுவதில்லை. மறுநாள் காலையில் எடைக் கருவி ஒரு கிலோ கூடுதலாகக் காட்டினால், அதில் பெரும்பகுதி உப்பும் மாவுச்சத்தும் உடலில் தேக்கி வைத்த நீரும், இன்னும் செரிக்காத உணவுமே ஆகும். வழக்கமான உணவுக்குத் திரும்பிய சில நாள்களில் அது வடிந்துவிடும். இரண்டு விருந்துகளுக்கு இடைப்பட்ட சாதாரண நாள்களும் விருந்து நாள்களாகவே மாறிவிடும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

இது குறித்து அமெரிக்காவில் 195 பேரிடம் மேற்கொள்ளப்பட்ட ஆய்வு, 2000-ஆம் ஆண்டு நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியானது. நவம்பர் நடுப்பகுதி முதல் ஜனவரி வரையிலான விடுமுறைக் காலத்தில் அவர்களது எடை சராசரியாக 0.37 கிலோ கூடியிருந்தது. தங்களுக்கு அதைவிடப் பல மடங்கு கூடிவிட்டதாகவே அவர்கள் எண்ணியிருந்தனர். அரைக் கிலோவுக்கும் குறைவான இந்த எடை, அடுத்து வந்த மாதங்களில் குறையாமல் அப்படியே தங்கிவிட்டது என்பதே ஆய்வின் முக்கியக் கண்டறிதல். ஆண்டுதோறும் சேரும் சிறு கூடுதல், பத்து ஆண்டுகளில் சட்டையின் அளவையே மாற்றிவிடும்.

இந்தியர்களுக்கு இது கூடுதல் கவலைக்குரியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் ஆதரவுடன் நடத்தப்பட்டு 2023-இல் வெளியான தேசிய ஆய்வின்படி, நாட்டில் சுமார் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு நோயும், 13.6 கோடி பேருக்கு அதற்கு முந்தைய நிலையும் உள்ளன. வயிற்றுப் பருமன் 39.5 சதவீதம் பேரிடம் காணப்பட்டது. ஒப்பீட்டளவில் குறைந்த எடையிலேயே இந்தியர்களின் வயிற்றில் கொழுப்பு சேர்வதால், இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டக் கூடாது என்று மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர்.

விரதமா, விருந்தா?

நவராத்திரியின் ஒன்பது நாள்களும் விரதம் இருப்பதால் எடை குறையும் என்பது பரவலான நம்பிக்கை. ஆனால், அரிசியும் கோதுமையும் விலக்கப்பட்ட இடத்தில் வந்து அமர்வது எது என்பதைப் பொறுத்தே பலன் அமைகிறது. குட்டு எனப்படும் பாப்பரை மாவில் பொரித்த பூரி, உருளைக்கிழங்கு வறுவல், நிலக்கடலை சேர்த்த சாபுதானா கிச்சடி, சாபுதானா வடை ஆகியவையே பல வீடுகளில் விரத உணவாக உள்ளன. சாபுதானா என்பது நம் ஜவ்வரிசிதான். சேலம் வட்டார ஆலைகளில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து தயாராகி வட மாநிலங்களின் விரதச் சமையலறைகளுக்குச் செல்கிறது. உலர்ந்த ஜவ்வரிசி 100 கிராமில் ஏறத்தாழ 350 கலோரி உள்ளது. அது கிட்டத்தட்ட முழுவதும் மாவுச்சத்தே. புரதமும் நார்ச்சத்தும் இல்லாததால் உண்ட சிறிது நேரத்திலேயே மீண்டும் பசி எடுக்கும். பகல் முழுவதும் பட்டினி கிடந்தவர் இரவில் இதை வயிறாரச் சாப்பிட்டால், விரத நாளின் கணக்கு சாதாரண நாளைவிடக் கூடுதலாகவே முடியும்.

விரத மரபுக்குள்ளேயே இதற்கு மாற்று உண்டு. அதே குட்டு மாவைப் பொரிக்காமல் தோசைக்கல்லில் ரொட்டியாகச் சுடலாம். 'சமா அரிசி' என்று வடக்கே விற்கப்படும் குதிரைவாலியை வேகவைத்துத் தயிருடன் உண்ணலாம். பனீர், சுரைக்காய், பழங்கள், எண்ணெயின்றி வறுத்த மக்கானா ஆகியவற்றையும் விரதம் அனுமதிக்கிறது. ஒரு மேசைக் கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி உள்ளது என்பதை மனத்தில் கொண்டால், பொரிப்பதற்கும் சுடுவதற்கும் உள்ள வேறுபாடு விளங்கும்.

எண்ணெய் குறித்த பேச்சு அரசு மட்டத்திலும் எழுந்துள்ளது. 2025 பிப்ரவரியில் 'மனதின் குரல்' நிகழ்ச்சியில் பேசிய பிரதமர் நரேந்திர மோடி, சமையல் எண்ணெய்ப் பயன்பாட்டை 10 சதவீதம் குறைக்குமாறு கேட்டுக்கொண்டார். அதே ஆண்டு ஜூன் மாதம், உணவுகளில் மறைந்துள்ள எண்ணெய், சர்க்கரை அளவைக் காட்டும் பலகைகளை அலுவலகங்களில் வைக்க மத்திய சுகாதார அமைச்சகம் பரிந்துரைத்தது. சமோசாவுக்கும் ஜிலேபிக்கும் எச்சரிக்கை வாசகம் வரப்போவதாகச் செய்தி பரவியபோது, எந்த இந்தியத் தின்பண்டத்தையும் குறிவைக்கவில்லை என்று அரசு விளக்கம் அளித்தது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வகுத்துள்ள 2,000 கலோரி உணவுத் தட்டில் நாளொன்றுக்கு எண்ணெய், கொழுப்பின் அளவு 27 கிராம் மட்டுமே.

வீட்டில் தங்கும் இனிப்புப் பெட்டி

தீபாவளி நாளில் உண்ணும் இனிப்பைவிட, அதற்கு முன்னும் பின்னும் வரும் பெட்டிகளே அதிகத் தீங்கு செய்கின்றன. அலுவலகம், அண்டை வீடு, உறவினர், வணிகத் தொடர்பு என நாலாபுறமிருந்தும் காஜு கத்லியும் மோத்திசூர் லட்டுவும் சோன் பப்டியும் வந்து குவிகின்றன. பால் இனிப்புகள் சில நாள்களில் கெட்டுவிடும் என்பதால், வீணாக்கக் கூடாது என்ற எண்ணத்திலேயே பசி இல்லாத வேளையிலும் அவை காலி செய்யப்படுகின்றன. காலைத் தேநீருடன் ஒன்று, பணியிலிருந்து திரும்பியதும் ஒன்று என்று போகும் இந்த இனிப்புகளை யாரும் விருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை.

வந்த பெட்டியை அன்றே பிரித்து, வீட்டினர் விரும்பும் சிலவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைப் பகிர்ந்தளிப்பதே நடைமுறைக்கு உகந்த வழி. உதிரியாக விற்கும் இனிப்புகளுக்கும் 'இந்த நாளுக்குள் உண்பது நல்லது' என்ற தேதியைக் காட்சிப்படுத்த வேண்டும் என்று 2020 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள விதி, எதை முதலில் கொடுத்துவிடலாம் என்பதை முடிவு செய்ய உதவும். ஒரு நாளின் கூடுதல் சர்க்கரை 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. பாகில் ஊறிய இரண்டு குலாப் ஜாமூன்களே அந்த எல்லையைத் தொட்டுவிடக்கூடும்.

மறுக்க முடியாத உபசரிப்பு

ராஜஸ்தானிலும் குஜராத்திலும் விருந்தினருக்கு வற்புறுத்தி ஊட்டும் வழக்கத்துக்கு 'மனுஹார்' என்று பெயர். கையை நீட்டி மறுத்தால் அந்தக் கையிலேயே இனிப்பு வந்து அமரும். இங்கு கலோரிக் கணக்கு பேசுவது உபசரிப்பவரைப் புண்படுத்துமே தவிர, பயன் தராது. முதல் சுற்றிலேயே குறைவாக வாங்கி மெதுவாக உண்பதும், இரண்டாம் சுற்றுக்கு இடம் வைத்திருப்பதும் அனுபவசாலிகள் கையாளும் உத்தி. விருந்துக்காகப் பகல் உணவைத் தவிர்ப்பது எதிர்மாறான விளைவையே தரும். பருப்பு, காய்கறி, தயிரை முதலில் உண்டு, பூரியையும் இனிப்பையும் பின்னால் வைத்துக்கொண்டால் இரத்தச் சர்க்கரை வேகமாக ஏறுவதும் மட்டுப்படும். உண்டபின் சிறிது நடப்பதும் அவ்வாறே உதவும். ஆனால், உண்டதை எல்லாம் நடந்தே கரைத்துவிடலாம் என்ற கணக்கு பலிக்காது. சுமார் 150 கலோரி கொண்ட ஒரு குலாப் ஜாமூனுக்கே அரை மணி நேரத்துக்கும் மேல் நடக்க வேண்டியிருக்கும்.

வாரம் இருமுறை எடை

பிரிட்டனின் பர்மிங்காமில் கிறிஸ்துமஸ் காலத்தில் 272 பேரிடம் நடத்தப்பட்ட சோதனை 2018-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியானது. ஒரு பிரிவினர் வாரம் இருமுறையாவது எடை பார்த்துக் குறித்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்ளப்பட்டனர். எளிய சில குறிப்புகளும், பண்டிகை உணவின் கலோரியைக் கரைக்க எவ்வளவு நடக்க வேண்டும் என்ற பட்டியலும் அவர்களுக்கு வழங்கப்பட்டன. மற்றொரு பிரிவினருக்குப் பொதுவான கையேடு மட்டுமே. விடுமுறை முடிவில் இரு பிரிவினருக்கும் இடையே சராசரியாக 0.49 கிலோ வேறுபாடு இருந்தது. இதில் பங்கேற்றவர்களுக்கு வைக்கப்பட்ட இலக்கு எடைக் குறைப்பு அல்ல. இருக்கும் எடை கூடாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே. பண்டிகை வாரங்களில் இரண்டு கிலோ குறைக்கத் திட்டமிட்டு முதல் லட்டுவிலேயே மனம் தளர்ந்து அனைத்தையும் கைவிடுவதைவிட, இது எட்டக்கூடிய இலக்கு.

நீரிழிவுக்காக இன்சுலின் அல்லது சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை எடுத்துக்கொள்பவர்கள், விரதம் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் மருந்தின் அளவை மாற்றிக்கொள்ள வேண்டும். சத் பூஜையில் கடைப்பிடிக்கப்படும் சுமார் 36 மணி நேர நீரற்ற விரதம் அவர்களுக்கு ஆபத்தானதாக அமையலாம். நடுக்கம், வியர்வை, தலைசுற்றல் தோன்றினால் சர்க்கரை தாழ்ந்துவிட்டதன் அறிகுறியாகக் கருதி, விரதத்தை உடனே முடித்துக்கொண்டு இனிப்பு ஏதேனும் உட்கொள்ள வேண்டும் என்று மருத்துவர்கள் வலியுறுத்துகின்றனர்.