கிருமிக்குள் ஏற்றிய விளக்கு

எந்த ஊரானாலும், காசநோய் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இரண்டாம் மாதத்தில் வரும் கேள்வி ஒன்றுதான்: "இருமல்தான் நின்னுபோச்சே, இன்னும் நாலு மாசம் எதுக்கு?" நியாயமான கேள்வி. இதற்கான விடையின் ஒரு பகுதி, கிருமிக்குள்ளேயே ஒரு விளக்கை ஏற்றியபோது கிடைத்தது.

நுரையீரலில் நுழையும் காசநோய்க் கிருமியை நம் உடலின் விழுங்கணுக்கள் விழுங்கி, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற வீரியமான ஆக்சிஜன் பொருள்களால் தாக்குகின்றன. கிருமி மைக்கோதயால் என்ற கந்தகச் சேர்மத்தைக் கேடயமாகப் பிடித்துத் தாங்குகிறது. கிருமிகளை அரைத்துச் சோதித்தால் மொத்தக் கூட்டத்தின் சராசரிதான் தெரியும். உயிரோடு இருக்கும் ஒவ்வொரு கிருமியின் கேடயமும் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது?

வழி கடலிலிருந்து வந்தது. ஜெல்லிமீனிலிருந்து 1962-இல் ஒசாமு ஷிமோமுரா பிரித்தெடுத்த புரதம் பச்சையாக ஒளிரும். பிற்பாடு அதில் இரண்டு கந்தக முனைகளைப் பொருத்தினார்கள். ஆக்சிஜனேற்றத்தில் முனைகள் பிணைந்தால் 405 நானோமீட்டர் ஊதா ஒளியில் கூடுதலாக மின்னும். பிரிந்திருந்தால் 488 நானோமீட்டர் நீல ஒளியில். இரண்டையும் வகுத்தால் போதும், புரதம் கூடக் குறைய இருந்தாலும் கணக்கு பிசகாது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

2008-இல் ஜெர்மானியக் குழு ஒன்று இப்புரதத்தோடு குளூட்டாரெடாக்சின் என்ற நொதியை இணைத்தது. மனித அணுக்களின் கேடயமான குளூட்டாதயோனுக்கு அது பொருந்தியது. காசநோய்க் கிருமியிடமோ குளூட்டாதயோனே கிடையாது. அந்தச் சாவி இந்தப் பூட்டுக்கு ஆகாது. இந்திய விஞ்ஞானி அமித் சிங்கின் குழு, மைக்கோதயாலுக்குப் பொருந்தும் கிருமியின் சொந்த நொதியான மைக்கோரெடாக்சினையே எடுத்துப் பச்சைப் புரதத்தோடு கோத்தது. 2014-இல் வெளியான அந்தக் கருவியின் பெயர் எம்ஆர்எக்ஸ்1-ஆர்ஓஜிஎஃப்பி2. வாயில் நுழையாத பெயர்தான், வேலை அருமை.

அதன் வழியே பார்த்தபோது, ஒரே விழுங்கணுக் கூட்டத்துக்குள் இருந்த கிருமிகள் ஒரே நிலையில் இல்லை. சில கேடயம் இழந்து தவித்தன. சில முழு பலத்தோடு இருந்தன. மருந்தைத் தாக்குப்பிடித்தவை அந்தப் பலசாலிகளே. மலேரியாவுக்குக் கொடுக்கும் குளோரோகுயினைக் காசநோய் மருந்தோடு சேர்த்தபோது, சோதனை விலங்குகளில் அவற்றின் பிடிவாதம் தளர்ந்ததை 2019-இல் அதே குழு காட்டியது. மனிதருக்கான சிகிச்சையாக அது இன்னும் ஆகவில்லை.

இருமல் நின்ற மார்புக்குள் அந்தப் பலசாலிகள் மிச்சம் இருக்கலாம். மருத்துவர் சொல்லும் கடைசி நாள்வரை மாத்திரையை நிறுத்தாதீர்கள்.