ஒரு இலட்சம் கையெழுத்து: யாருக்கு நன்மை, யாருக்கு ஆபத்து?

சுவிஸின் அரசியலமைப்பை மாற்ற நீங்கள் அமைச்சராக இருக்கத் தேவையில்லை. வாக்குரிமை உள்ள 1,00,000 பேரின் கையெழுத்தை 18 மாதங்களுக்குள் சேர்த்தால் உங்கள் கோரிக்கை நாடு முழுவதும் வாக்கெடுப்புக்குப் போகும். வாக்களித்த மக்களில் பெரும்பான்மையும் கன்ரோன்களில் பெரும்பான்மையும் 'ஆம்' என்றால் அது அரசியலமைப்பில் சேரும்.

இந்த உரிமை 1891இல் வந்தது. அப்போது 50,000 கையெழுத்துப் போதும். 1971இல் பெண்களுக்கும் வாக்குரிமை கிடைத்த பிறகு, 1977இல் அது இரட்டிப்பானது.

முதல் வெற்றி 1893இல். மயக்கமடையச் செய்யாமல் மிருகங்களை வெட்டக்கூடாது என்று மக்கள் முடிவுசெய்தார்கள். வெளியே மிருகங்கள் மீதான இரக்கம். உள்ளே யூதர்களின் உணவு முறை மீதான வெறுப்பும் இருந்தது. அரசாங்கமும் நாடாளுமன்றமும் வேண்டாம் என்று சொல்லியும் அது வென்றது.

1970இல் ஜேம்ஸ் ஷ்வார்சன்பாக்கின் முறை. வெளிநாட்டவர் தொகையைப் பெரும்பாலான கன்ரோன்களில் 10 வீதத்துக்குள் அடக்க வேண்டும் என்றார். அன்று அதிகம் பயந்தவர்கள் இத்தாலியத் தொழிலாளர்கள். வாக்களித்த ஆண்களில் 54 வீதமானோர் 'இல்லை' என்றார்கள். மற்ற 46 வீதத்தையும் மறக்க வேண்டாம். எங்கள் பெற்றோர் எண்பதுகளில் வந்து இறங்கியது இந்த நாட்டில்தான். 2009இல் பள்ளிவாசல்களுக்குப் புதிதாக மினாரெட் கட்டுவதற்குத் தடை, 57.5 வீதம் 'ஆம்'.

அப்படியென்றால் இந்த உரிமையே வேண்டாமா? 2021ஐப் பாருங்கள். தாதியர் தொழிலைப் பலப்படுத்தும் கோரிக்கை 61 வீதத்தால் வென்றது. வைத்தியசாலையிலும் முதியோர் இல்லத்திலும் வேலை செய்யும் எங்கள் அம்மாமார், அக்காமாருக்கு அதன் பெறுமதி தெரியும். இன்னொன்று: பெரும்பான்மை சிறுபான்மையை நெருக்க, மக்கள் வாக்கெடுப்பு அவசியமில்லை. 1956இல் இலங்கையில் தனிச் சிங்களச் சட்டத்தை நிறைவேற்றியது நாடாளுமன்றம்தான்.

ஆகவே உரிமை இருக்கட்டும் என்பதே என் கருத்து. ஆனால் 1893இலும் 1970இலும் 2009இலும் குறிவைக்கப்பட்டவர்கள், வாக்குப்பெட்டியில் பலம் குறைந்தவர்கள் அல்லது வாக்கே இல்லாதவர்கள். இன்றும் இங்கே வாழ்பவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் சுவிஸ் குடியுரிமை இல்லை; கூட்டாட்சி வாக்கெடுப்பில் அவர்களுக்குக் குரலும் இல்லை. உங்களில் பலர் இங்கேயே பிறந்தும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறீர்கள்.

குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் தகுதி வந்தால் தள்ளிப்போடாதீர்கள். வாக்குரிமை ஏற்கெனவே இருந்தால், தபாலில் வரும் அந்த உறையைப் பழைய பத்திரிகைக் கட்டோடு போடாதீர்கள். அதில் உங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் வாழ்க்கையும் இருக்கலாம்.