எழுத்து தெரியும் முன்னே: சிறு குழந்தைகளின் கண்ணும் அரசின் இலவசக் கண்ணாடியும்

தமிழ்நாட்டில் 2009இல் தொடங்கிய ‘கண்ணொளி காப்போம்’ திட்டம் ஆறாம் வகுப்பு முதலான மாணவர்களின் கண்ணைச் சோதித்து, பவர் இருந்தால் இலவசமாகக் கண்ணாடி வழங்குகிறது. தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தின் பள்ளிச் சோதனையும் தொடக்கத்தில் குறிவைத்தது 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளைத்தான். அந்த வயதைத் தேர்ந்ததற்குக் காரணம் இருந்தது. கிட்டப்பார்வை பெரும்பாலும் பள்ளிப் பருவத்தில் தலைகாட்டுவது. கரும்பலகை தெரியாமல் திண்டாடும் பிள்ளைக்குக் கண்ணாடி போட்ட அன்றே பலன் தெரியும். முதற்கட்டச் சோதனையை ஆசிரியரே செய்துவிடலாம். ஆனால் பதினோரு வயதில் கண்ணாடி கிடைத்தும் பார்வை முழுமையாகத் திரும்பாத பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களைக் கண்டுபிடிக்க வேண்டிய இடம் ஆறாம் வகுப்பு அல்ல, அங்கன்வாடி என்பதே என் வாதம்.

அந்தப் பிள்ளைகளுக்கு இருப்பதைச் ‘சோம்பேறிக் கண்’ என்கிறார்கள். அந்தப் பெயர் கண்ணின் மேல் பழி போடுகிறது. கோளாறு உண்மையில் மூளையின் பழக்கத்தில் இருக்கிறது. ஒரு கண்ணில் பவர் மிகுந்து பிம்பம் மங்கலாக வந்தால், வளரும் மூளை அதை ஒதுக்கிவிட்டுத் தெளிவான கண்ணையே நம்பப் பழகிக்கொள்கிறது. ஹியூபெல், வீசல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பூனைக்குட்டியின் ஒரு கண்ணை மூடிவைத்து, இளம் பருவத்தில் இழந்த பார்வை வளர்ச்சி பின்னால் எளிதில் மீளாது என்று காட்டினார்கள். 1981இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. மனிதக் குழந்தைக்கு அந்தப் பருவம் ஏறக்குறைய ஏழெட்டு வயதோடு சுருங்கத் தொடங்குகிறது. ஏழு முதல் பன்னிரண்டு வயதுவரை உள்ளவர்களிலும் ஒரு பகுதியினர் சிகிச்சையால் தேறுகிறார்கள் என்று பின்வந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே, வயது கடந்தவர்களைக் கைவிடக் கூடாது. அதைத் தாமதத்துக்கு நியாயமாக்கவும் கூடாது.

இந்தக் குறையைத் தாயால்கூட எளிதில் கண்டுகொள்ள முடியாது. மாறுகண் என்றால் வெளியே தெரியும், அதையும் ‘அதிர்ஷ்டம்’ என்று விட்டுவிடும் வீடுகள் உண்டு. பவர் வேறுபாட்டால் வரும் சோம்பேறிக் கண்ணில் இரண்டு கண்ணும் நேராகத்தான் இருக்கும். குழந்தை டிவி பார்க்கும், தரையில் விழுந்த மணியைப் பொறுக்கும், படத்தைக் காட்டிக் கதை சொல்லும். மங்கலான கண்ணை மூடினால் பேசாமல் இருக்கும். நல்ல கண்ணை மூடினால் கையைத் தட்டிவிட்டுச் சிணுங்கும். அந்தத் தட்டிவிடல்தான் பல நேரம் நமக்குக் கிடைக்கும் முதல் அறிகுறி.

சிறு குழந்தையைச் சோதிக்க வழக்கமான அட்டை உதவாது. 1862இல் கண் மருத்துவர் ஸ்னெல்லன் வகுத்த எழுத்து அட்டையும் ஆறு மீட்டர் தூரமும் எழுத்து தெரிந்தவர்களுக்கானவை. வரிசையில் பின்னால் நிற்கும் பிள்ளை முன்னால் சொன்னதைக் கேட்டே மனப்பாடம் செய்துவிடும். மூடிய உள்ளங்கையின் விரலிடுக்கு வழியாகவும் பார்க்கும். நான்கு வயதுக்கு ஏற்றது, பின்லாந்து மருத்துவர் லியா ஹூவாரினென் உருவாக்கிய ஆப்பிள், வீடு, வட்டம், சதுரம் போன்ற வடிவங்கள்; பெயர் சொல்லத் தெரியாவிட்டாலும் கையிலுள்ள அட்டையில் அதே படத்தைத் தொட்டுக் காட்டினால் போதும்.

இதற்குப் புதிய திட்டம் தேவையில்லை. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறையும், பள்ளிக்கு ஒரு முறையும் செல்ல வேண்டும். பார்வைக் குறையும் அதன் பட்டியலில் இருக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தால் வெண்மையான கண்மணி தெரியும், மாறுகண் தெரியும். ஆனால் இரண்டு கண்ணுக்கும் இடையிலான பவர் வேறுபாடு தெரியாது. நான்கு வயது நிறைந்த ஒவ்வொரு குழந்தைக்கும் கண்களைத் தனித்தனியே மூடிப் பார்ப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். சுவீடனில் நான்கு வயதில் அனைவரையும் சோதித்ததால், கடுமையான சோம்பேறிக் கண் 2 விழுக்காட்டிலிருந்து 0.2 விழுக்காடாகக் குறைந்தது.

கண்டுபிடித்த பிறகுதான் உண்மையான சிக்கல். சிறு குழந்தையின் கண் தானாகவே குவியத்தை மாற்றிச் சமாளித்துவிடும். சொட்டு மருந்தோ களிம்போ போட்டு அதைத் தளர்த்திய பிறகே சரியான பவர் கிடைக்கும். மருந்து போட ஒரு நாள், அதன் வேகம் அடங்கியபின் மறுபடி பார்க்க இன்னொரு நாள். ஒவ்வொரு நாளும் தாய்க்கு ஒரு கூலி போகிறது, பஸ் செலவு வேறு. கண்ணாடி இலவசம்தான், அதை வாங்கிவரும் வழி இலவசமாக இல்லை. கண் மருத்துவ உதவியாளர் உள்ள ஆரம்பச் சுகாதார நிலையங்களில் மாதத்தில் ஒரு நாளைக் குழந்தைகளுக்கென ஒதுக்கினால், இந்த அலைச்சலில் பெரும்பகுதி குறையும்.

பிரேம் சிறிய விஷயமாகத் தோன்றலாம். எனக்கு அப்படிப் படவில்லை. நான்கு வயதில் மூக்குத் தண்டு தட்டையாக இருக்கும். பெரிய பிள்ளைக்கான பிரேம் நழுவி இறங்க, குழந்தை கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கும். சிகிச்சை அங்கேயே நின்றுபோகும். இங்கிலாந்தில் 16 வயதுக்குட்பட்டோருக்குச் சோதனை இலவசம். கண்ணாடிக்கு அரசு உதவித்தொகை தருவதோடு, உடைந்தால் பழுதுபார்க்கவும் மாற்றவும் தருகிறது, சிறிய முகத்துக்கென்றே செய்யும் பிரேமுக்குக் கூடுதல் தொகையும் உண்டு. நம் திட்டங்கள் கண்ணாடியை ஒருமுறை கொடுக்கும் பொருளாக நினைக்கின்றன. விளையாட்டில் கால் ஒடிந்த கண்ணாடி அடுத்த முகாம்வரை காத்திருந்தால், ஐந்து வயதுக் கண் இழப்பது சாதாரணக் காலம் அல்ல.

‘இந்த வயசுலயே கண்ணாடியா? நாளைக்குக் கட்டிக்கொடுக்கணுமே’ என்று பெண் குழந்தையின் கண்ணாடியைப் பெட்டியில் பூட்டிவைக்கும் பாட்டியிடம் பேசவும் ஆள் வேண்டும். மங்கலான கண்ணுக்கு வேலை கொடுக்கத்தான் நல்ல கண்ணை நாளுக்கு இரண்டு மணி நேரம் ஒட்டி மறைக்கிறோம் என்று அவருக்குப் புரிய வேண்டும். அங்கன்வாடிப் பணியாளரைவிட அதைச் சொல்லத் தகுந்தவர் அந்தத் தெருவில் இல்லை. எத்தனை கண்ணாடி கொடுத்தோம் என்ற கணக்கோடு, மூன்று மாதம் கழித்து மதியச் சோற்றுக்கு வரிசையாக உட்காரும்போது எத்தனை முகங்களில் கண்ணாடி இருக்கிறது என்பதையும் அவர் தன் பதிவேட்டில் எழுத வேண்டும்.