அஞ்சறைப் பெட்டியும் ஐந்தொகையும்

நம் சங்க மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று நண்பர்கள் கேட்டபோது, வழக்கம்போல் வந்தவாசிப் பக்கத்துக் கல்வெட்டு, சமணப் பள்ளி என்று ஏதாவது எழுதுவேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். இந்த முறை கல்லை விட்டுக் காகிதத்துக்கு வருகிறேன். மும்பையில் நாற்பது வருடமாக நோட்டுப் புத்தகமும் கணக்குப் பேரேடும் விற்றுப் பிழைக்கிறவன் நான். கடைக் கணக்கின் வரலாற்றை எழுதப் பலர் இருக்கிறார்கள். அடுப்பங்கரைக் கணக்கின் வரலாற்றை யார் எழுதுவது?

திண்ணையில் தொடங்கிய கணக்கு

அச்சுப் புத்தகம் பரவுவதற்கு முன்னால் நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் எண்சுவடியை மனப்பாடம் செய்தார்கள். பொன்னிலக்கம், நெல்லிலக்கம் என்று வாய்பாடுகள் உண்டு. காரி நாயனாரின் கணக்கதிகாரம் நிலம், பொன், நெல் முதலியவற்றின் கணக்கைச் செய்யுளில் சொன்ன நூல். இவற்றில் நம்மை மலைக்க வைப்பது பின்னங்கள். ஒன்றை 320 கூறாக்கினால் ஒரு கூறு முந்திரி. நான்கு முந்திரி ஒரு காணி, அதாவது 80-இல் ஒன்று. நான்கு காணி ஒரு மா, அதாவது 20-இல் ஒன்று. இன்னொரு பக்கம் கால், அரைக்கால், வீசம் என்று பாதி பாதியாக இறங்கும் வரிசை. வீசம் என்பது 16-இல் ஒன்று. அதையே மாகாணி என்றும் சொல்வார்கள்.

இவ்வளவு நுணுக்கம் குடும்பத்துக்கு எதற்கு என்று கேட்கலாம். காசைப் பாருங்கள், புரியும். கும்பினியார் காலத்துச் சென்னையில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். ஒரு வராகனுக்கு 3,360 காசு. ஆக, ஒரு பணத்தில் ஒரு காசு என்பது சரியாக ஒரு காணி! திண்ணையில் காணி வாய்பாடு படித்த பையனுக்குச் சந்தையில் காசுக் கணக்கு தானாக வந்துவிடும்.

1818-இல் சென்னை மாகாணத்தில் வராகன் போய் ரூபாய் வந்தது. மூன்றரை ரூபாய் ஒரு வராகன் என்று மாற்று விகிதம் வைத்தார்கள். ரூபாய்க்கு 16 அணா, 64 பைசா, 192 பை. இப்போதும் நம் வாய்பாடு கைவிடவில்லை. அணா என்பது ரூபாயில் வீசம், பைசா என்பது கால் வீசம். காணி ஒதுங்கிக்கொள்ள, வீசம் முன்னால் வந்தது, அவ்வளவுதான். அந்தக் கால் வீசத்தைத்தான் நம் பாட்டிமார் காலணா என்றார்கள். 1943 முதல் 1947 வரை நடுவில் துளையிட்டு வந்த காலணாதான் இன்றும் பேச்சில் வாழும் ஓட்டைக் காலணா.

சுவரும் ஒரு பேரேடு

எழுத்து தெரியாத வீட்டிலும் கணக்கு இருந்தது. பால்காரரின் படிக்குச் சுவரில் ஒரு கரிக்கோடு. மாசக் கடைசியில் கோட்டை எண்ணிப் பணத்தைக் கொடுத்துவிட்டு ஈரத்துணியால் துடைத்துவிடுவார்கள். அஞ்சறைப் பெட்டிக்கு அடியிலும் அரிசிப் பானைக்குள்ளும் பெண்கள் சேர்த்த சிறுவாட்டுப் பணத்துக்குச் சுவர்க் கணக்கும் கிடையாது, மனக்கணக்குதான். 2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்தபோது, எத்தனை வீடுகளில் அந்தச் சிறுவாடு வெட்கப்பட்டுக்கொண்டு வெளியே வந்தது என்பது உங்களுக்கே தெரியும்.

எழுதத் தெரிந்தவர்களுக்கோ தனிக் குறிகளே இருந்தன. வருடத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, நாளுக்கு ௳, வரவுக்கு ௷, பற்றுக்கு ௶, மேற்படிக்கு ௸, ரூபாய்க்கு ௹. ஒரே இழுப்பில் எழுதி முடிக்கலாம். 2003-இல் இவை யூனிகோடு எழுத்துத் தொகுதியில் இடம் பெற்றுவிட்டன. கம்ப்யூட்டருக்குத் தெரிந்த இந்தக் குறிகள் நம் பிள்ளைகளுக்குத் தெரியாது என்பதுதான் வேடிக்கை.

வடக்கே வந்தால்

இங்கே குஜராத்தி, மார்வாடி வியாபாரிகளோடு பழகிய நமக்கு அவர்களுடைய சிவப்புத் துணி அட்டை போட்ட 'பஹி' பழக்கமான பொருள். தீபாவளி அன்று புதுக் கணக்குப் புத்தகத்துக்குச் 'சோப்டா' பூசை. நம் ஊரில் சரசுவதி பூசைக்குக் கணக்கு நோட்டுகளை அடுக்குவது மாதிரி. 1989 முதல் வருமான வரிக்கு எல்லாருக்கும் ஏப்ரல்-மார்ச் ஒரே ஆண்டு என்று ஆன பிறகும் பூசை நிற்கவில்லை. சட்டத்துக்கு ஒரு வருடம், சாமிக்கு ஒரு வருடம்!

சொந்தக் கணக்கை ஒளிக்காமல் சொன்ன வணிகர் ஒருவரையும் இங்கே நினைக்க வேண்டும். ஆக்ராவில் வாழ்ந்த சமண வணிகர் பனாரசிதாஸ் 1641-இல் 'அர்த்தகதானக்' என்று தன் வாழ்க்கையைச் செய்யுளில் எழுதினார். நட்டமடைந்த வியாபாரம், கையில் காசில்லாமல் கச்சோரிக் கடையில் மாதக்கணக்காகக் கடனுக்குச் சாப்பிட்டது, எல்லாம் அதில் உண்டு. புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய தினசரியில் அரசியலோடு வாணிகமும் கலந்து வருகிறது. எழுதிப் பார்க்கிறவன்தான் தன்னைத் தெரிந்துகொள்கிறான்.

எங்கள் சமயத்தில் இல்லறத்தாருக்குப் 'பொருள் வரைதல்' என்று ஒரு விரதம் உண்டு. இவ்வளவுக்கு மேல் பொருள் சேர்க்க மாட்டேன் என்று தனக்குத் தானே எல்லை வகுத்துக்கொள்வது. இருப்பு எவ்வளவு என்றே தெரியாதவன் எல்லையை எப்படி வகுப்பான்? கணக்கு எழுதுவது கஞ்சத்தனம் இல்லை, அதுவும் ஒரு நோன்புதான் என்பது என் கருத்து.

அம்மாவின் நோட்டு

1957 ஏப்ரல் 1-இல் ரூபாய்க்கு 100 நயா பைசா என்று ஆனது. ஒரு அணாவுக்கு ஆறேகால் பைசா. கால் பைசாவுக்கு ஏது நாணயம்? ஆகவே ஒரு அணாவுக்கு 6, இரண்டுக்கு 12, மூன்றுக்கு 19, நாலுக்கு 25 என்று பட்டியல் போட்டார்கள். "நாலு தடவை தனித்தனியா ஒரு அணாவுக்கு வாங்கினா 24 தான்டா. ஒரே தடவையா வாங்கினா 25. ஒரு பைசா யாருக்குப் போவுது பாரு" என்று அம்மா பிற்பாடு எனக்குச் சொல்லுவார். 1964 ஜூனில் 'நயா' என்ற சொல் போய் வெறும் பைசா ஆனது. அம்மா மட்டும் கடைசிவரை நாலணா, எட்டணா என்றே சொன்னார்.

அப்பா நான் பள்ளியில் படிக்கும்போதே தவறிவிட்டார். சில மாதம் கழித்து, அப்பா சரக்குக்குக் கடன் வாங்கியிருந்த மண்டிக்காரர் வந்தார். 800 ரூபாய்க் கடனில் இன்னும் 400 நிற்கிறது என்றார். அம்மா எதிர்ப்பேச்சு பேசவில்லை. நெல் குதிர் மேலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து வந்தார். மாசம் 50 வீதம் பதினோரு தடவை கொடுத்தது தேதியோடு இருந்தது. ஆக 550, நிற்பது 250. மண்டிக்காரர் நோட்டை வாங்கிப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் போனார். மறுவாரம் தன் பேரேட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார். மூன்று மாதப் பணம், அப்பா பெயரே உள்ள இன்னொருத்தர் பற்றில் ஏறியிருந்தது. "தப்பு என் கணக்குலதாம்மா. உங்க நோட்டு பேசுது" என்றார்.

அந்த 150 ரூபாய் அன்றைக்கு எங்களுக்கு அரிசி. அதைவிட, இறந்துபோனவர் பேரில் பொய்க்கடன் நிற்கவில்லை என்பது பெரிது. நான் நோட்டு வியாபாரத்துக்கு வந்ததற்கும் அந்த நாற்பது பக்கம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

என் கணக்கு

ஆனால் ஊருக்கெல்லாம் பேரேடு விற்ற நான் வீட்டுக்கு என்ன எழுதினேன்? 2019-இல் மருத்துவமனையில் படுத்திருந்தபோது என் மனைவி கேட்டார்: "ஏங்க, எந்த பேங்க்ல என்ன இருக்கு, யாருக்கு என்ன தரணும், ஒண்ணுமே தெரியாதே எனக்கு?" வெட்கமாகப் போயிற்று. வீட்டுக்கு வந்த முதல் வேலையாக என் கடையிலிருந்தே ஒரு பேரேடு எடுத்து வந்தேன். ஒரு பக்கம் வைப்பு, பாலிசி, வரவேண்டியது. எதிர்ப்பக்கம் கொடுக்க வேண்டியது. சின்ன அளவில் ஒரு ஐந்தொகை. ஒவ்வொன்றுக்கும் எதிரே வாரிசுதாரராக யார் பெயர் பதிந்திருக்கிறது என்பதும். எழுதும்போதுதான் தெரிந்தது, இரண்டு கணக்கில் யார் பெயரையும் நான் பதியவே இல்லை!

இது என் ஒருவன் கதை இல்லை. பத்து வருடம் யாரும் கேட்காத வங்கிப் பணத்தைப் போட்டு வைக்கவென்றே ரிசர்வ் வங்கி 2014-இல் ஒரு நிதியை ஏற்படுத்தியது. அப்படிக் கேட்பாரற்ற பணத்தைத் தேட 2023-இல் 'உத்கம்' என்று ஒரு இணையதளமும் திறந்தது. அத்தனையும் யாரோ வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம். எழுதாமல் போனதால் வந்த வினை.

இப்போது போனில் தொட்டால் பணம் போகிறது, செலவுப் பட்டியலும் தானே வருகிறது. நல்லதுதான். ஆனால் பட்டியல் வேறு, கணக்குப் பார்ப்பது வேறு. மாசத்தில் ஒரு நாள் கணவனும் மனைவியும் உட்கார்ந்து, வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு, நிற்பது எவ்வளவு என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பதுதான் கணக்கு. பிள்ளைகளும் பக்கத்தில் இருக்கட்டும். தமிழ் எழுத வராத நம் பம்பாய்ப் பிள்ளைகளுக்கு வரவு, செலவு, இருப்பு என்ற மூன்று சொல்லாவது அப்படி வரும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஊருக்குப் போகும்போது பரணில் பழைய நோட்டு கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். புளி என்ன விலை விற்றது, யார் கல்யாணத்துக்கு என்ன மொய் வைத்தோம், எந்த வருடம் நகை அடகுக்குப் போய் எந்த வருடம் திரும்பி வந்தது என்று அதில் இருக்கும். அரசர் வரலாறு கல்லில் இருக்கிறது. உங்கள் அம்மாவின் வரலாறு அந்த நோட்டில்தான் இருக்கிறது.