யாரும் துக்கம் கேட்காத அரண்மனை

ஹைதர் அலி 1781-இல் தொடங்கி, மகன் திப்பு சுல்தான் 1791-இல் கட்டி முடித்த பெங்களூரு கோட்டை அரண்மனை இன்று இல்லை. இதைச் சொன்னால் பெங்களூருக்காரர்கள் ஒப்புக்கொள்வதில்லை. கே.ஆர். மார்க்கெட் பக்கத்தில் கோட்டை வேங்கடரமணர் கோயிலை ஒட்டித்தானே இருக்கிறது, டிக்கெட் வாங்கி உள்ளே போய்ப் பார்த்தோமே என்பார்கள். அவர்கள் பார்த்தது அரண்மனையின் ஒரு துண்டு. மிச்சம் கண்ணெதிரே நிற்பதால்தான் மறைந்தது யாருக்கும் உறைக்கவில்லை. அடியோடு இடிந்த மாளிகைக்காவது அழ ஆள் உண்டு. இதற்கு யாரும் துக்கம் கேட்டதே இல்லை.

முழுசாக இருந்தபோது அது எப்படி இருந்தது? 1800-இல் சென்னையிலிருந்து மைசூர் நாட்டுக்குப் பயணம் வந்த பிரான்சிஸ் புக்கானன் பார்த்து எழுதியிருக்கிறார். அவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆள். திப்புவைப் புகழ வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. அரண்மனைக்கு முன்னால் பெரிய சதுக்கம். அதன் ஒரு பக்கம் முழுக்க நௌபத் கானா, அதாவது வாத்தியக்காரர்கள் இருந்து வாசிக்கும் மண்டபம். அதைத் தாண்டினால் தாழ்வாரங்கள் சூழ்ந்த உள்முற்றம், அதற்குள் அரண்மனை. மேல்மாடியில் நான்கு மண்டபங்கள். ஒவ்வொன்றிலும் சுல்தான் அமர இரண்டு உப்பரிகைகள், ஒவ்வோர் உப்பரிகையும் ஒரு தனிக் கச்சேரியை, அதாவது மனுக் கேட்கும் முற்றத்தைப் பார்த்தபடி. பெரிய அதிகாரிகளுக்குத் தனி மாடம். சின்ன அதிகாரிகளுக்கு உப்பரிகைக்குக் கீழே, கூரை உயரத் தூண்கள் தாங்கிய திறந்த கூடம். குடிமக்கள் நடுமுற்றத்தில் நிற்கலாம். அங்கே வெக்கை தணிய நீரூற்றுகள் இருந்தன.

மனுக் கொடுக்க வந்து வெயிலில் நிற்கிறவன்மேல் கொஞ்சம் சாரல் படட்டும் என்று ஒரு கொத்தனாரோ ஒரு அரசனோ யோசித்திருக்கிறார் அல்லவா, எனக்கு அந்த நீரூற்றுதான் பெரிய இழப்பு. தேக்குத் தூண்களை இன்றும் தொட்டுப் பார்க்கலாம். குடிமக்கள் நின்ற முற்றமும் ஊற்றும் போய்விட்டன.

சுல்தான் தனக்கென்று வைத்துக்கொண்ட அறைகள் சின்னவை, வசதியில்லாதவை என்றும் புக்கானன் குறித்திருக்கிறார். குளியலறை, ஓர் ஆள் உட்கார்ந்து தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் அளவே. அழகெல்லாம் பொதுக் கூடங்களுக்குத்தான் போயிருக்கிறது. அங்கே சுவரெங்கும் வண்ணப் பூவேலை, பொன்பூச்சு. அந்தப் பொன் தங்கம் அல்ல. உலோகத்தை மெல்லிய தாளாக அடித்து, காகிதத்தில் ஒட்டி, எண்ணெய் வார்னிஷ் பூசினால் பொன்னிறம் ஏறும். அதைப் பூவும் இலையுமாக வெட்டிச் சுவரில் பதிப்பார்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கைவினைஞர்களிடம் புக்கானன் இந்தச் செய்முறையைக் கேட்டு எழுதி வைத்தார். இன்று மேல்மாடிக்குப் போனால், சுவரில் கொடியும் பூவும் ஆங்காங்கே மங்கித் தெரிகின்றன. ஓர் இடத்தில் கொடி நன்றாக வளைந்து போய்க்கொண்டே இருந்து, பூ வரவேண்டிய இடத்தில் வெறும் காரையில் முடிந்துவிடும். அங்கே நெடுநேரம் நின்றிருக்கிறேன்.

அரண்மனை முடிந்த அதே ஆண்டில் கோட்டை விழுந்தது. 1791 மார்ச் 21 இரவு ஆங்கிலேயத் தளபதி காரன்வாலிஸின் படை உள்ளே புகுந்தது. கோட்டைத் தலைவரான கில்லேதார் பகதூர் கான் போராடி இறந்தார். படையோடு ஓவியர்களும் வந்தார்கள். ராபர்ட் ஹோம் மைசூர்க் காட்சிகளை வரைந்து 1794-இல் புத்தகமாக்கினார். பீரங்கிப் படையில் இருந்த ஜேம்ஸ் ஹன்டர் இந்த அரண்மனையைப் பல கோணங்களில் தீட்டினார். மறைந்த பகுதிகளை நாம் காண வேண்டுமென்றால், கோட்டையைப் பிடித்தவர்கள் வரைந்த படங்களில்தான் காணவேண்டியிருக்கிறது.

1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு இறந்தபின் அவருடைய குடும்பத்தை வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். இந்த வீட்டுக்கு அதன்பின் வீட்டுக்காரர் கிடையாது. 1831-இல் மைசூர் ஆட்சியைக் கம்பெனி எடுத்துக்கொண்டதும் இதில் அலுவலகம் வைத்தது. 1868-இல் எழுத்தர்களும் காகிதக் கட்டுகளும் புதிதாகக் கட்டிய அட்டாரா கச்சேரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். இந்த அரண்மனையின் சுவர்கள் மண். மண்சுவர் மழைக்கு முன் பூசிக் காப்பாற்ற ஆள் இருக்கும்வரைதான் நிற்கும். கோட்டையும் படைக்குத் தேவையற்றதாகி, மதில்கள் ஒவ்வொன்றாய் இறங்கின. கோட்டை நிலத்தில் 1900-இல் கர்சன் பிரபு திறந்த விக்டோரியா மருத்துவமனை வந்தது. பிறகு வாணி விலாஸ் மருத்துவமனை, பள்ளிகள், சாலைகள். மருத்துவமனைக்காக இடம் கொடுத்த கோட்டையைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் எதன்மேல் கட்டுகிறோம் என்று ஒரு பலகைகூட வைக்காமல் கட்டியது குறைதான்.

இழந்தது என்ன என்று அறிய ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைக்குப் போகவேண்டும். அதுவும் திப்பு 1784-இல் கட்டியது. மேற்குச் சுவரில் புள்ளலூர்ப் போர்: 1780 செப்டம்பரில் நம் காஞ்சிபுரத்துக்கு அருகே ஹைதரும் திப்புவும் ஆங்கிலேயப் படையை முறியடித்த நாள். பல்லக்கில் காயத்தோடு ஆங்கிலேயப் படைத்தலைவர் கர்னல் பெய்லி, நடுவே வெடித்துச் சிதறும் மருந்து வண்டி. அந்தச் சுவரும் ஒருமுறை அழிந்து, பின்னால் வந்தவர்களால் மீண்டும் தீட்டப்பட்டதுதான். பெங்களூருக்கு அப்படி மீட்டுத் தீட்டுவார் யாரும் வாய்க்கவில்லை. ஸ்ரீரங்கப்பட்டணத்திலேயே இருந்த லால்பாக் அரண்மனைக்கு வேறு கதி. அதைப் பிரித்தார்கள், அதன் தேக்கு உத்தரங்கள் மலையேறி 1830-இல் ஊட்டி புனித ஸ்டீபன் தேவாலயத்தின் கூரைக்குப் போயின. ஊட்டிக்குப் போகிற தமிழர்கள் அங்கே அண்ணாந்து பார்த்தால் திப்புவின் மரத்தைத்தான் பார்க்கிறார்கள்.

சேலத்திலிருந்தும் ஓசூரிலிருந்தும் வந்து கலாசிபாளையத்தில் இறங்குகிறவர்கள் பழைய கோட்டையின் ஓரத்தில்தான் இறங்குகிறார்கள். மிஞ்சிய கட்டடத்தைத் தொல்லியல் துறை காத்து வருகிறது. அதன் தோட்டத்தில் ஒரு வரைபடம் வேண்டும். நௌபத் கானா எந்தப் பக்கம், மற்ற மண்டபங்கள் எதுவரை, குடிமக்கள் நின்ற முற்றம் எது என்று காட்டும் பெரிய வரைபடம். ஹன்டரின் படங்களைப் பெரிதாக அச்சிட்டு அதன் பக்கத்தில் வைக்கலாம். விளக்கம் கன்னடத்திலும் உருதுவிலும் ஆங்கிலத்திலும் இருக்கட்டும். அந்த மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிற, பூ விற்கிற எத்தனையோ பேருக்காகத் தமிழிலும் இருக்கட்டும்.